கோல் பிடித்தவன்

கருப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கோலை
நிமிர்த்திப் பிடிப்பது என் வேலை.
நாளுக்கு ஆறு ரூபிள், தேயிலை, ஒரு ஜோடி பூட்ஸ்.
எதிர்ச்சரிவில், முக்காலிக்குப் பின்னால்,
அக்னியா பாவ்லோவ்னா ஒரு கண்ணை மூடிக்கொள்வார்.
அவர் கை உயர்ந்தால் மூச்சை நிறுத்துவேன்.
தாழ்ந்தால் அடுத்த பாறை.

என் பெயர் தொக்தோசுன்.
எனக்கு முன் பிறந்த நால்வர் தங்கவில்லை.
'நிற்கட்டும்' என்று வைத்த பெயர் அது.
அர்த்தம் கேட்டுவிட்டு,
சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

ஒருநாள் என்னையும் குழாய்க்குள் பார்க்கவிட்டார்.
வானம் அடியில். பனியாறு மேலே.
என் குதிரை கால்களை மேலே ஊன்றிக்கொண்டு
ஒன்றும் நடவாததுபோல் வாலை ஆட்டியது.
இத்தனை நாளும் இப்படியா நின்றேன்?
கண்ணாடியின் குணம் அது, என்றார்,
தாளில் ஏற்றும்போது நிமிர்த்திவிடுவேன்.

பாறைக்குப் பழுப்புக் கோடு, பனிக்கு நீலக் கோடு.
கோட்டின்மேல் நடப்பவன்
ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான், என்றார்.
புல்சரிவைக் காட்டினேன்:
எங்கள் ஆடுகள் மிதித்து மிதித்துப் போட்ட வரிகள்,
ஒன்றன்மேல் ஒன்றாய், முழத்துக்கு ஒன்று.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
என்னுடையது நாற்பது மீட்டருக்கு ஒன்றுதான், என்றார்.

மாலையில் பெயர் கேட்பார்.
இது? தெகே செகிர்த்தி, மலையாட்டுக்கிடா குதித்த இடம்.
அது? கிசில் ஜார், சிவந்த செங்குத்து.
அந்தப் பெரிய பனியாறு?
பெயர் இல்லை.
இத்தனை தலைமுறை பார்த்துமா?
புல் முளைக்காத இடத்தை யார் கூப்பிடப் போகிறார்கள்.
படிவத்தில் காலியாக விட முடியாது, தொக்தோசுன்.

கேர் காஷ்கா, என்றேன்.

பென்சில் நின்றது.
எட்டு நாளுக்கு முன் பனிப்பிளவில் போன என் பெட்டைக்குதிரை.
செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளைத் தீற்று.
கயிறு அவர் உள்ளங்கையையும் எரித்துக்கொண்டுதான் ஓடியது,
கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.
எழுத்துக்கூட்டிச் சொல், என்றார்.

பிறகு அந்த ஏரி.
பனியாறு அணைகட்டி வைத்த தண்ணீர்.
மூன்று வாரம் கரை சுற்றிக் கோல் பிடித்தேன்.
படகு அனுப்பாமல் ஆழத்தை எதை வைத்து அளப்பேன் என்று
ஃப்ருன்ஸே அலுவலகத்தை அவர் திட்டாத காலை இல்லை.
ஆகஸ்ட் இருபது, நடுச்சாமம்,
நிலத்தின் வயிற்றில் ஓர் இரைச்சல்.
விடிந்தபோது ஏரி இல்லை.
சேறு. சேற்றில் வீடளவு பனிக்கட்டிகள்,
விருந்து முடிந்தும் எழுந்து போகாதவர்கள்போல்.

கோடைதோறும் இப்படித்தான், என்றேன்,
பனிக்கு அடியில் புகுந்து ஓடிவிடும்.
முன்பே சொல்லவில்லையே!
நீங்கள் பெயரைத்தானே கேட்டீர்கள்.

வரைந்த கரையெல்லாம் வீண் என்று
உட்கார்ந்துவிடுவார் என நினைத்தேன்.
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.
இறங்கு, என்றார். கோலோடு இறங்கு.

நேற்று அறுபத்து மூன்று மீட்டர் தண்ணீர் இருந்த இடத்தில்
முழங்கால் சேற்றில் நின்றேன்.
மேலே, இல்லாத கரையில், அவர் எறும்பளவு.
கை உயர்ந்தது.
பிறந்ததிலிருந்து அவ்வளவு அசையாமல் நின்றதில்லை.

இதை எப்படி வரைவீர்கள்?
நீலத்தில், என்றார், விட்டு விட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
அச்சான தாள் ஏதோ ஓர் இரும்பு அலமாரிக்குப் போனது,
இரகசியம் என்று முத்திரை குத்தி.

ஆறாவது கோடையில் எல்லைக்காவல் லெப்டினன்ட் ஒருவன்,
மீசை இன்னும் சரியாக வராதவன்,
தாளை முழங்காலில் விரித்து
கேர் காஷ்கா பனியாற்றுக்கு வழி கேட்டான்,
ஆதிமுதல் அந்தப் பெயரோடே அது கிடந்ததுபோல்.
குனிந்தேன்.
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான்:
உங்களுக்கு அனுமதி இல்லை.

சரி, என்றேன்.
கிசில் ஜார் வரை குதிரைமேல் போகலாம்.
அப்புறம் இறங்கி, நடத்திக்கொண்டு போ.
கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே.